மூணு செட்டுமா கெட்டுப்போயிருக்கும்?

பிஎம்பிஓ என்ற நான்கு எழுத்தை நம்பியவர்கள் கையைத் தூக்குங்கள். வெட்கப்பட வேண்டாம், நானும் தூக்குகிறேன். செட்டின் நெற்றியில் பொன்னிறச் சீட்டு ஒட்டியிருக்கும். ஆயிரம் வாட்ஸ் என்று பெரிதாகப் போட்டு, கீழே எறும்பு அளவில் பிஎம்பிஓ. அந்த ஆயிரத்தில் நம் காதுக்கு வந்து சேர்வது எவ்வளவு என்று கடைக்காரரிடம் கேட்க நமக்குத் தோன்றியதே இல்லை. நாட்டின் கதவைத் திறந்துவிட்டார்கள், இனி எல்லாம் உள்ளே வரும் என்று பெரியவர்கள் பேசிக்கொண்ட வருடங்கள் அவை. ஆந்திர எல்லை ஊரான எங்கள் நகரிக்கு அந்தக் கதவு வழியாக முதலில் வந்தவை கேபிள் கம்பியும் வழுவழுப்பான விளம்பரத் தாள்களும்தான். அந்தத் தாள்களைப் பள்ளிப் புத்தகத்துக்கு அட்டையாகப் போட்டுவிட்டு, உள்ளே இருந்த பாடத்தைவிட அட்டையை அதிகம் படித்தவள் நான். ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்தேன். ஊஃபர் தெரியும், ட்வீட்டர் தெரியும், ஈக்வலைசரில் எந்தப் பொத்தானை ஏற்றினால் எது கூடும் என்று தெரியும். இதில் எதையும் என் காதால் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

ஆனால் அந்தக் கோடை விடுமுறையில் வீட்டுக்கு ஒரு ஸ்டீரியோ செட் வாங்க வேண்டும் என்ற பேச்சை எடுத்தது நானில்லை. அம்மா. தனக்கென்று ஒரு புடவை கேட்டுக்கூட நாங்கள் பார்த்திராத அம்மா.

எங்கள் வீட்டின் முன்பாதி தறிக்கூடம், பின்பாதி நாங்கள். இரண்டு விசைத்தறி. இரண்டையும் ஓட்டியவள் அம்மா. நைனா, அதான் என் அப்பா, தறிக்குப் பாவு நூல் ஏற்றுவார், நூல் கொண்டுவருவார், துணியைச் சுமந்துபோய் முதலாளியிடம் போட்டுவிட்டு வருவார். மின்சாரம் இருக்கும் நேரமெல்லாம் தறி ஓடும். எங்கள் வீட்டுத் தறி நின்றாலும் எதிர்வீட்டுத் தறி ஓடும், பின்தெருவில் ஓடும். உங்களில் தறித்தெருவில் வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் பேச்சு என்பது காதைவிடக் கண்ணை நம்பி நடந்த காரியம். வாயை நன்றாகத் திறந்து, உதட்டை அசைத்துக் காட்டினால் போதும், குரலே வேண்டாம். இரண்டு விரலைப் பிரித்துக் காட்டினால் நூல் அறுந்துவிட்டது. குவித்த விரலை வாயருகே கொண்டுபோனால் துன்ன வா. அம்மாவும் நைனாவும் முழுச் சண்டையையே சத்தமில்லாமல் போட்டு, சத்தமில்லாமல் சமாதானமும் ஆவார்கள்.

குரலை எடுத்துக் கத்துவது ஒரே ஒரு சொல்லுக்குத்தான். நாடா! பாவுக்குள் இடமும் வலமும் பாய்கிற அந்த இரும்பு மூக்கு வைத்த மரக்கட்டை எப்போதாவது தடம் தவறி வெளியே பறக்கும். முகத்தில் பட்டால் கண் போகும். யாராவது "நாடா!" என்று கத்தினால் கூடத்தில் இருக்கும் எல்லோரும் ஏன் எதற்கு என்று பார்க்காமல் குனிந்துவிடுவோம். பள்ளியில் யாரோ விளையாட்டுக்குக் கத்தியபோது, வகுப்பில் பாதிப்பேர் மேசைக்கடியில் போனோம். மிச்சப் பாதி தறி இல்லாத வீட்டுப் பிள்ளைகள்.

அண்ணன் குவைத்துக்கு டிரைவர் வேலைக்குப் போனது அதற்கு ஏறக்குறைய இரண்டு வருடம் முன்பு. அம்மாவுக்கு இஷ்டமில்லை. "தறி பிடிக்கலன்னா திருப்பதில கடை வேலைக்குப் போ, நான் வேணான்னு சொன்னனா?" என்றாள். அவன் கேட்கவில்லை. கிளம்பிய காலையில் அம்மா வாசலுக்கு வரவில்லை. தறியை ஓட்டிவிட்டு அதன்முன் நின்றுகொண்டாள். அண்ணன் கூடத்துக்கு வெளியே நின்று என்னவோ சொன்னான். அம்மா திரும்பவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவனிடமிருந்து கேசட்தான் வரும். அங்கிருந்து ஊருக்கு வருகிற யாராவது கொண்டுவருவார்கள். ஒரு பக்கத்தில் அவன் பேசியிருப்பான். மறுபக்கத்தில் நாங்கள் பேசி, அவர் திரும்பிப் போகும்போது அதே கேசட்டைக் கொடுத்தனுப்ப வேண்டும். அவன் குரல் வீட்டுக்கு வரும், பத்துநாள் தங்கும், திரும்பிப் போய்விடும். ஒன்றைக்கூட நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கு எதை விற்றாலும் அந்தக் கேசட் ஒன்று கிடைக்காது.

எங்களிடம் டேப் இல்லை. எதிர்வீட்டு அத்தையின் கணவரும் குவைத்தில்தான் இருந்தார். அவர்கள் வீட்டில் ரேடியோவும் டேப்பும் சேர்ந்த ஒரு டூ இன் ஒன். அத்தை முதலில் தன் தறிகளை நிறுத்துவாள், தெருவே வந்து உட்காரும். அண்ணன் ஏதாவது வேடிக்கையாகச் சொல்வான், எல்லோரும் சிரிப்பார்கள், அம்மாவும் சிரிப்பாள். எல்லோரும் கண்ணைத் துடைத்தால் அவளும் துடைப்பாள். வீட்டுக்கு வந்ததும் நைனாவிடம் சொல்வாள்.

"ஒண்ணும் தெளிவா இல்லய்யா. அந்த மிஷினு சரியில்ல. கொரகொரன்னுதான் வருது."

பதில் பேசச் சொன்னால் இன்னும் விசித்திரம். அண்ணன் கேட்டிருப்பான்: அம்மா, நான் அனுப்பன போர்வ புடிச்சிச்சா? எனக்கு எந்த ஊர்ல பொண்ணு பாக்கற? அம்மா மைக்கைப் பார்த்து, "மழயே இல்லடா. நீ வேளைக்குத் துன்னு. வெயில்ல சுத்தாத" என்பாள். போர்வையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. எதிர்வீட்டு அத்தை என் நைனாவிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள், "அண்ணே, அதுக்குப் பெத்த புள்ள மேல கோவம் இன்னும் ஆறல. கேட்டதுக்கு ஒரு பதில் சொல்லுதா பாரு." நைனாவும் ஆமாம் என்று தலையாட்டினார். நாங்கள் எல்லோருமே அப்படித்தான் நினைத்தோம்.

அந்த வெயில் காலத்தில் புதிய கேசட் வந்தபோது அம்மா அதை எதிர்வீட்டுக்கு எடுத்துப்போக விடவில்லை. சீட்டுப் பணம் கைக்கு வந்திருந்தது. "நல்ல மிஷினா வாங்கு. எம்புள்ள பேசறது எனக்குத் தெளிவா கேக்கணும். எங்கூட்ல ஒக்காந்து கேக்கணும்" என்றாள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அன்று முழுவதும் புத்தக அட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி நைனாவிடம் காட்டிக்கொண்டிருந்தேன்.

"தோ பார் நைனா, ஆயிரம் வாட்ஸ்."

"ஆயிரம் வாட்ஸா? நம்ம தறி மோட்டாரே அவ்ளோ இழுக்காதேடி. கரன்ட் பில்லு யாரு கட்றது, நீயா?"

புத்தூர் வழியாகத் திருப்பதிக்குப் பேருந்தில் போனோம். அம்மா கேசட்டைக் கைக்குட்டையில் சுற்றி இடுப்பில் செருகியிருந்தாள். கோவிந்தராஜ சுவாமி கோயில் பக்கத்துக் கடைத்தெருவில் ஒரு பெரிய கடை. பின்னால் கண்ணாடி அறை ஒன்று. செட்டுகளைப் போட்டுக் காட்டுவதற்கென்றே சுவரெல்லாம் தடித்த துணி அடித்து வைத்திருந்தார்கள். "ரண்டி, ரண்டி, உள்ள வாங்கம்மா" என்று கடைக்காரர் கதவைச் சாத்தினார்.

முதல் அதிர்ச்சி எனக்கு அங்கேயே. சத்தமே இல்லை. தெருவில்லை, தறியில்லை, ஒன்றுமில்லை. காதில் யாரோ பஞ்சை அடைத்துவிட்ட மாதிரி இருந்தது. நான் எச்சில் விழுங்கியது எனக்கே கேட்டது. நைனாவும் சங்கடமாகக் காதைத் தடவிக்கொண்டார். அம்மா மட்டும் எப்போதும்போல அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கடைக்காரர் பாட்டுக் கேசட்டை எடுத்தார். நைனா தடுத்தார். "எங்க பையன் பேசன கேசட்டு கீது சார். அத்தயே போடுங்க. இவளுக்கு அதுதான் கேக்கணும்."

"ஏமண்டி, பேச்சுக் கேசட்டப் போட்டு செட்டு பாக்க வந்த மொத பார்ட்டி நீங்கதான்" என்று சிரித்துக்கொண்டே வாங்கிப் போட்டார்.

முதலில் ஒரு டூ இன் ஒன். அண்ணன் குரல் வந்தது. "அம்மா, நல்லா கீறியா? நைனா, பாப்பா எல்லாம் நல்லா கீறீங்களா?" எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எதிர்வீட்டில் கேட்டதுபோலவே இல்லை, அவன் மூக்கடைத்துப் பேசுவதுகூடத் தெரிந்தது. நைனா அம்மாவைப் பார்த்தார். அம்மா கடைக்காரரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெளிவா இல்ல."

இரண்டாவது, இரட்டை டெக், வெள்ளிநிறம், பொத்தானை அழுத்தினால் மூடி மெதுவாகத் திறக்கும். அதே "நல்லா கீறியா". நான் கடைக்காரரிடம் ட்ரெபிளை ஏற்றச் சொன்னேன். "பாப்பா பெரிய இஞ்சினீரு" என்று ஏற்றினார். அம்மா தலையை ஆட்டினாள். கொரகொரவென்றுதான் இருக்கிறதாம்.

மூன்றாவதுதான் என் அட்டையில் இருந்த செட். ஆயிரம் வாட்ஸ் பிஎம்பிஓ, விளக்குகள் ஓடுகிற ஈக்வலைசர். எங்கள் பணத்துக்கு அதுதான் எல்லை, அதற்கு மேல் ஒரு செட்டை நினைக்க முடியாது. கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. சத்தத்தை நன்றாக ஏற்றி, கேசட்டை நிறுத்தாமல் ஓடவிட்டார். அண்ணன் பேசிக்கொண்டே போனான். அங்கே மணல் காற்று, வண்டிக்குள் ஏசி, முதலாளியின் பிள்ளைகள். திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டு, ஊரில் இருக்கும்போது செய்யும் அதே குறும்புடன், தொண்டை கிழியக் கத்தினான்.

"அம்மா! நாடா!"

நைனா குனிந்துவிட்டார். நான் குனிந்து, தலைமேல் கையை வைத்துக்கொண்டேன். செட்டுக்குள் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். கடைக்காரர், "ஏமயிந்தண்டி? என்ன ஆச்சி?" என்று பதறினார். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே நிமிர்ந்தேன்.

அம்மா நேராக உட்கார்ந்திருந்தாள். கண் மட்டும் எங்கள் மூவர் முகத்திலும் மாறிமாறிப் போய்வந்தது. நாங்கள் ஏன் குனிந்தோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. நான் சிரிப்பதைப் பார்த்து, அவளும் கொஞ்சம் சிரித்தாள்.

என் சிரிப்பு அப்படியே நின்றது. எத்தனையோ வருடமாயிற்று, அந்தக் கண்ணாடி அறையின் குளிர் இன்னும் என் முதுகில் இருக்கிறது.

நைனா அவள் எதிரில் மண்டிபோட்டார். தறிக்கூடத்தில் பேசுகிற மாதிரி, குரலே இல்லாமல், உதட்டால் கேட்டார். அவன் நாடான்னு கத்தினானே, கேக்கலியா?

"எப்போ?" என்றாள் அம்மா.

கடைக்காரர் அவள் முதுகுப் பக்கம் போய்க் கையைத் தட்டினார். அம்மா திரும்பவில்லை. இன்னொரு முறை தட்டப் போனார். நைனா கையைக் காட்டி நிறுத்தினார். அம்மா எங்களையே பார்த்தாள். பிறகு வரிசையாக இருந்த செட்டுகளைப் பார்த்தாள். மிக மெதுவாக, தனக்குத்தானே கணக்குப் போடுவதுபோலக் கேட்டாள்.

"மூணு செட்டுமா கெட்டுப்போயிருக்கும்?"

அவளுக்கே அதுவரை தெரியாது, பாருங்கள். தறி வீட்டில் எல்லோரும் உதட்டைப் பார்த்துத்தான் பேசுகிறோம். அதில் ஒருத்திக்குக் காது போய்க்கொண்டிருந்தால் அவளுக்கும் தெரியாது, பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. கேசட்டுக்கு உதடு இல்லை. அது ஒன்றுதான் அவளைக் காட்டிக்கொடுத்தது. எனக்கு அடுத்து வந்த நினைப்பு அதைவிடக் கொடுமை. கூடத்தில் நாடா பறந்தபோதெல்லாம் நாங்கள் குனிவதைப் பார்த்துத்தான் அவள் குனிந்திருக்கிறாள். தனியாக ஓட்டிய நாட்களில்?

அம்மா எழுந்தாள். கதவுப் பக்கம் போகையில், மூலையில் இருந்த ஒரு மரப்பெட்டியின் மேல் கையை ஊன்றினாள். கம்பெனிப் பெயர் இல்லாத செட். உள்ளூரில் யாரோ கேசட் டெக்கோடு ஆம்ப்ளிஃபயரைக் கட்டி, பலாமரமோ என்னவோ, பெரிய பெட்டியில் பெரிய ஸ்பீக்கரை அடைத்து, முன்பக்கம் கறுப்புத் துணி ஒட்டியது. என் அட்டைகளில் அதற்கு இடமே இல்லை. கடைக்காரர் பேச்சை மாற்றவோ என்னவோ, அவசரமாக ஒரு ஸ்விட்சைத் திருகினார். அண்ணன் குரல் அந்த மரப்பெட்டிக்குள் போனது.

அம்மாவின் கை அதிர்ந்த துணியில் ஒட்டிக்கொண்டது.

"தோ," என்றாள். "இங்க கீறான்."

நைனா ஓடிப்போய்த் தன் கையையும் வைத்துப் பார்த்தார். அவர் முகம் கோணியது.

"இத்த எடுய்யா. இதுதான் எனக்கு" என்றாள் அம்மா.

என் ஆயிரம் வாட்ஸைவிட அது மலிவு. மிச்சப் பணத்தில் ஒரு மைக்கும் வந்தது. கடைக்காரர் பேரம் பேசவில்லை, எங்கள் முகத்தையும் சரியாகப் பார்க்கவில்லை.

திரும்பும் பேருந்தில் பெட்டியை அம்மா மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். புத்தூரில் கைக்கு மாவுக்கட்டு போட்ட ஒருவர் ஏறி எதிரில் உட்கார்ந்தார். "இன்னாம்மா, டிவியா?" என்றார். "ரேடியோ செட்டு. புள்ள குவைத்துல கீறான்" என்று அம்மா சரியாகப் பதில் சொன்னாள். அவள் கண் அவர் வாயை விட்டு நகரவே இல்லை. பிறந்ததிலிருந்து அவளைப் பார்க்கிறேன், அதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மாவுக்கட்டுக்காரர் இறங்கியபின் நைனாவிடம் சொன்னாள். "யாருக்கும் சொல்லாத. தெரிஞ்சா என்ன தறிகிட்ட நிக்க உடமாட்டாங்க. செவிடின்னு தெருவே கூப்புடும்." நைனா சரி என்று உதட்டால் சொன்னார்.

மறுநாள் காலை சமையலறைப் பக்கத்தில் செட்டை வைத்தோம். எங்கள் தறிகளை நிறுத்தியிருந்தோம், எதிர்வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா தரையில் உட்கார்ந்து, கறுப்புத் துணியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். நைனா அவள் எதிரில். ஏற்பாடு இதுதான்: கேசட்டில் அண்ணன் பேசப் பேச, நைனா அதை உதட்டால் சொல்ல வேண்டும். ஆம்ப்ளிஃபயரில் குட்டி விளக்குகள் வரிசையாக இருந்தன. குரல் ஏறினால் பச்சை ஏறி, மிஞ்சினால் கடைசியில் சிவப்பு எரியும். நான் அதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில்.

நைனா அண்ணனாகவே ஆகிவிட்டார். மணல் காற்றுக்குக் கண்ணைச் சுருக்கினார். "நாடா!" வந்தபோது வாயைப் பெரிதாகத் திறந்து காட்டினார். அம்மா உடனே குனிந்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். "திருட்டுப் பையன்!" எங்கள் மூவருக்கும் கண் நிறைந்துவிட்டது.

அதன்பிறகு அண்ணனின் குரல் தாழ்ந்தது.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன். எம்மேல கோவம் இன்னும் கீதா? ஒவ்வொரு கேசட்லயும் எவ்ளோ கேக்கறேன், ஒண்ணுக்குக்கூட நீ பதில் சொல்லல. கெளம்பற அன்னிக்கும் கூப்ட்டேன், திரும்பிப் பாக்கல. இங்க ரெண்டு வருசம் முடியப்போவுது. லீவுக்கு வரலாம்தான். நீ மூஞ்சிய திருப்பிக்கினா நான் இன்னாத்துக்கு வரணும்? இன்னும் ரெண்டு வருசம் போட்டுடலாம்னு கீறேன்..."

நைனாவின் வாய் மூடிக்கொண்டது.

அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். தெருவே தவறாக நினைத்தது சரி, கடல் தாண்டி அவனுமா? நைனா அம்மாவைப் பார்த்து, கையை விரித்து, அவ்வளவுதான் என்று காட்டினார்.

அம்மா கையை எடுக்கவில்லை.

"அவன் இன்னும் பேசிகினுகீறான். நீ ஏன் வாய மூடிக்கின?"

பாட்டு, என்றது நைனாவின் உதடு. கடைசில பாட்டு போட்டிருக்கான்.

"பாட்டு நிக்காம வரும். இது நின்னு நின்னு வருது." அம்மா துணியை இன்னும் அழுத்தினாள். "அழுவுறானா?"

நைனா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா அவர் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள். "சொல்லுய்யா."

நைனா சொன்னார். குரலில்லாமல், ஒவ்வொரு சொல்லாக, ஒன்றையும் விடாமல் சொன்னார். அண்ணன் அழுத இடத்தில் அவரும் அழுததால் உதடு சரியாகக் கூடவில்லை. அம்மா, "மறுபடி சொல்லு" என்று கேட்டு வாங்கினாள். எல்லாம் முடிந்ததும் அந்தப் பெட்டியைப் பார்த்தாள். திகைத்துப்போன முகம். கண்ணாடி அறையில்கூட அவள் அப்படி இருக்கவில்லை.

"அன்னிக்குக் கூப்ட்டானா?" என்றாள். "கூப்ட்டானா என்ன?"

பிறகு என்னிடம் திரும்பினாள். "பேசறதுக்கு எத்த அழுத்தணும்?"

கேசட்டைத் திருப்பிப் போட்டேன். சிவப்புப் பொத்தானைக் காட்டினேன். மைக்கை வாங்கி வாயோடு ஒட்டவைத்துக்கொண்டாள். தறிக்கூடத்தில் கத்துவாளே, அந்தக் குரலை எடுத்தாள்.

"டேய்!"

பச்சை விளக்கெல்லாம் ஒரே பாய்ச்சலில் தாண்டிச் சிவப்பு எரிந்தது. இப்படிப் பேசினால் உடைந்துதான் பதியும், ஒரு வார்த்தை புரியாது. எனக்கு அது தெரியும். லெவலைக் குறைக்கப் பொத்தானுக்குக் கையை நீட்டினேன். நைனா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"கோவம் இல்லடா! கோவம் இல்ல! உங்கம்மாளுக்குக் காது இல்லடா!"

எதிர்வீட்டில் ஒரு தறி நின்றது. அடுத்ததும் நின்றது. சன்னலில் அத்தையின் முகம் தெரிந்தது. அம்மா அவளைப் பார்த்தாள். பார்த்துவிட்டும் குரலைத் தாழ்த்தவில்லை.

"நீ கூப்ட்டது எனக்குக் கேக்கலடா. கெளம்பி வா. வந்து எம்மூஞ்சிக்கு நேரா நின்னு கூப்புடு."